காது கேளாத பக்கவாத்தியம்

சென்ற மாதம் சென்னையில் ஒரு நண்பர் (கவிதை எழுதுகிறவர், பெயர் வேண்டாம்) ஜாஸ் பயில இனி மனிதர்கள் தேவையில்லை, ஃபோன் போதும் என்றார். நம் வித்வான்கள் ரேடல் சுருதிப் பெட்டியை ஏற்றுக்கொள்ளவில்லையா என்று ஒரு கேள்வி வேறு. எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான் சும்மா இருந்துவிட்டேன்.

சுருதி என்பது தரை. பாடுகிறவனை அது கேட்க வேண்டியதில்லை; அசையாமல் இருப்பதே அதன் காரியம். தம்பூராவின் இடத்தில் பெட்டி உட்கார்ந்ததில், நாதத்தின் தரம் பற்றிய சண்டை போக, பெரிய நஷ்டமில்லை. மிருதங்கம் அப்படியா? பாடகர் ஓரிடத்தில் தயங்கினால் அந்தத் தயக்கத்தைக் கேட்டுத் தானும் ஒதுங்குகிறது அது. ஜாஸில் பாஸும் டிரம்ஸும் பியானோவும் செய்வது இந்த இரண்டாவது வேலையை. இரண்டையும் ஒன்றாக்குவது அப்பட்டமான அசட்டுத்தனம்.

யந்திரத்தை நான் தொடாதவனல்ல. மரக்காணத்தில் பகலில் வங்கிக் கவுன்ட்டர், இரவில் பழைய கிதார். பாஸ் வாசிக்க இங்கே யார் வருவார்? 2010இல் கிதார் பிரசன்னா செய்யூர்ப் பக்கம் ஸ்வர்ணபூமியில் இசைக் கல்விக்கூடம் தொடங்கினார், பஸ் தூரம்தான். அப்போது எனக்குக் காசில்லை. காசு வந்தபோது லீவு இல்லை. ஆக, ஐரியல் ப்ரோ. மாசிமோ பியோல்காட்டி என்ற பாஸ் கலைஞர் உருவாக்கியது. ஜேமி ஏபர்சோல்ட் 1967இல் இசைத்தட்டில் கொடுத்த வசதி, 1990இல் பேண்ட்-இன்-எ-பாக்ஸாகக் கம்ப்யூட்டருக்குள் போய், இப்போது சட்டைப் பையில் கிடக்கிறது. ப்ளூஸின் 12 தாளக் கட்டங்களை எந்தச் சுருதியிலும் எந்த வேகத்திலும் சலிக்காமல் சுற்றித் தரும். என் விரல்கள் அதற்குக் கடன்பட்டவை.

போன மழைக்காலத்தில், உப்பள வேலை ஓய்ந்திருந்த நாட்களில், பாண்டிச்சேரியில் ஒரு டிரம்ஸ்காரரோடு வாசிக்க வாய்த்தது. நான் விட்ட ஓர் இடைவெளியில் அவர் ஒரு தட்டலைக் கேள்வியாகப் போட்டாராம். நான் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். முடிந்ததும், “நீங்க யாரோட வாசிச்சீங்க சார்?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஃபோன் தன்னைக் கேட்கத் தெரிந்ததென்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அப்படிச் சொல்வது நம் நவீனர்கள்தான். யாரும் குறுக்கிடாத அறைக்குச் சுதந்திரம் என்று பெயரிட்டுப் பழகியவர்கள் இவர்கள். இவர்களுடைய கவிதைகளிலும் அதே அறைதான் இருக்கிறது.

டிரம்ஸ்காரரிடம் மாதம் ஒரு ஞாயிறு கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.