பெயர்ப்பலகையில் ஒரு தத்துவ ஞானி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மயிலாப்பூரில் எட்வர்டு எலியட்ஸ் ரோடு என்று வழங்கிவந்த வீதிக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என நாமகரணம் செய்து பல்லாண்டுகள் கழிந்தும், அந்தப் பெயர் ஜனங்களின் வாயில் 'ஆர்.கே. சாலை' ஆகத் தேய்ந்ததன்றி, அதற்குரியவர் எதனால் இக்கௌரவத்துக்குப் பாத்திரமானார் என்பதை வழிப்போக்கருக்குச் சொல்ல அங்குள்ள பெயர்ப்பலகைகளில் ஒரு வரியும் இல்லாதிருப்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கண்டிக்க விரும்புகிறேன்.

அவர் குடியரசுத் தலைவராயிருந்தார் என்பதும், செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்பதும் குழந்தைகளுக்கும் தெரியும். பதவியை நினைவில் வைத்துக்கொண்ட நகரம் அவரது தத்துவத்தை மறந்துவிட்டது என்பதே என் குறை. புதுப் புத்தகம் வாங்க வசதியற்ற மாணவராயிருந்த அவர், உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்தவை தத்துவ சாஸ்திர நூல்களாயிருந்த காரணத்தால் அப்பாடத்தையே எடுத்துக்கொண்டதும், அந்நாளில் பாரிமுனைப் பக்கம் இருந்த கிறிஸ்தவக் கல்லூரியில் ஹிந்து சமயம் கண்டனத்துக்குள்ளாவதைக் கேட்டு மனம் புண்பட்டு, வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்ற வாதத்தை மறுத்து 20 வயதிலேயே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியதும், அதனை மிஷனரிப் பேராசிரியரான ஏ.ஜி. ஹாக் அவர்களே மெச்சியதும், 1909-இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்ததும் இந்த ஊரில்தான். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் ஸ்பால்டிங் பேராசிரியர் பீடத்தை அலங்கரித்த அவருடைய 'கிரிஜா' இல்லம் இருப்பதும் இதே சாலையில்தான். 1975 ஏப்ரலில் அவர் காலமானதும் சென்னையிலேயே.

இவ்விஷயத்தில் நகரத்துக்கு வழி தெரியாமலும் இல்லை. பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸில் சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் தங்கியது ஒன்பதே நாட்கள். அக்கட்டடமோ இன்று விவேகானந்தர் இல்லமாகி, அவரது சரித்திரத்தைக் கண்காட்சியாக எடுத்துரைக்கிறது.

நான் சிலை கேட்கவில்லை. ஆண்டுக்கொரு நாள் மாலைக்கும் மற்ற நாட்களில் காக்கைக்குமாக நிற்கும் சிலைகள் ஏற்கெனவே ஏராளம். சாலையின் இரு முனைகளிலும், நல்ல தமிழில், பத்து வரிக்கு மிகாத கல்வெட்டு ஒன்றை மாநகராட்சியார் நிறுவட்டும். அதில் அவர் எதைச் சிந்தித்தார், எக்கொள்கையை எதிர்த்து வாதாடினார் என்பன முதலில் வரட்டும். வகித்த பதவிகளைக் கடைசி வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர்.