ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்



ஏப்ரல், மே வந்துவிட்டால் நம் வாசகர்கள் பலர் ஐரோப்பாவுக்குப் பெட்டி கட்டுகிறார்கள். திரும்பி வந்து எழுதும் கடிதங்களில் ஈஃபில் கோபுரம் இருக்கும், சுவிஸ் பனி இருக்கும், குழுவோடு வந்த சமையல்காரர் வைத்த சாம்பாரும் தவறாமல் இருக்கும். காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தில் இவை எதுவும் இல்லை. பாரிஸில் அவர் கணவர் கீழே விழுந்ததைப் பற்றி மட்டுமே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

இடம், மோன்மார்த்ர் குன்று. உச்சியில் சாக்ரே கேர் தேவாலயம். அதற்கு ஏறும் ஒரு பாதையில் 222 படிகள். அதை ஒட்டியே இழுவை ரயிலும் ஓடுகிறது. “பழநியிலே விஞ்ச் இருக்கிறப்பவே படியிலே ஏறினவன் நான்” என்று சொல்லிக்கொண்டு ஏறிவிட்டார் மனிதர். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது தூறல் பிடித்தது. கால் வழுக்கியது, வலது கையை ஊன்றி விழுந்தார். எழுந்து நின்றதும் மனைவியிடம் சொன்னாராம்: “யார்கிட்டேயும் சொல்லாதே. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்.”

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். நம்மால் மற்றவர்களின் பயணம் கெட வேண்டாம் என்ற கூச்சம் ஒரு பக்கம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி என்றால் வீட்டை விற்க வேண்டியிருக்கும் என்ற பயம் இன்னொரு பக்கம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சொல்லும் பில் கதைகளைக் கேட்டு வளர்ந்த பயம் அது; முழுக்கப் பொய்யென்றும் சொல்ல முடியாது. ஆனால் ஐரோப்பா போகிறவர் கையில் ஏற்கெனவே ஒரு காப்பீடு இருக்கிறது. அது இல்லாமல் ஷெங்கன் விசாவே கிடையாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு, அதாவது ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய்க்கு, அவசர சிகிச்சைக்கும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கும் பொறுப்பேற்கும் பாலிசி. காசு கொடுத்து வாங்குகிறோம், விசா முத்திரை விழுந்ததும் மறந்துவிடுகிறோம். காரைக்குடிக்காரர் விழுந்த நேரத்தில் அவருடைய பாலிசி ஓட்டல் அறையில், பெட்டியின் அடியில் கிடந்ததாம்.

அவரைக் காட்டிக்கொடுத்தது சாப்பாடு. அன்றிரவு குழுவுக்கு லா ஷப்பெல்லில் உணவு ஏற்பாடு. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்கள் மளிகைக் கடையும் நகைக் கடையும் உணவகமுமாக நிரப்பிய பகுதி அது. ஆண்டுதோறும் பிள்ளையார் தேர்கூட ஓடுகிறது. பரிமாறிய இளைஞர் பார்த்திருக்கிறார். “ஐயா ஏன் இடக்கையாலை சாப்பிடுறார்?” என்று கேட்டதும் வாசகி அழுதுவிட்டார். மேசைக்கு அடியில் வலது மணிக்கட்டு புடைத்துப்போய் இருந்தது. “யோசிக்காதேங்கோ அன்ரி, ஆஸ்பத்திரி கிட்டத்தான். நானும் வாறன்.”

அவசரப் பிரிவில் நெடுநேரம் காத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் உள்ளே போனதில் வாசகிக்குக் கோபம். அங்கே முதலில் ஒரு செவிலியர் பார்த்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று தரம் பிரிக்கிறார். நெஞ்சுவலிக்காரர் முந்துவார், மணிக்கட்டு பிந்தும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு விரிசல் தெரிந்தது, கட்டுப் போட்டார்கள். முன்பணம் கட்டு என்று யாரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டையும் காப்பீட்டுத் தாளையும் வாங்கிப் பார்த்துக்கொண்டார்கள். பில் பிறகு வந்தது.

“ஊருக்குப் போய்” என்பதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. புதிதாக மாவுக்கட்டுப் போட்டவர் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்துக்கு முன் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டுதல். கட்டுக்குள் வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டம் தடைபடும். அவசரமாகப் பறக்க வேண்டுமென்றால் கட்டை நெடுக வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். இதையெல்லாம் அங்கே ஒரு டாக்டர்தான் சொல்ல முடியும். அவரைப் பார்க்கவே போகாதவருக்கு யார் சொல்வது?

மருத்துவ அவசரத்துக்குப் பாரிஸில் 15ஐ அழைத்தால் நிலைமையைக் கேட்டு, வண்டி அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஒரு மருத்துவர். 18ஐ அழைத்தால் தீயணைப்புப் படை வரும். மயங்கி விழுந்தவரைத் தூக்கிப் போவதும் அவர்கள் வேலைதான், பதற வேண்டாம். (அது ராணுவப் பிரிவு. 1810இல் ஆஸ்திரியத் தூதர் வீட்டு விருந்தில் பிடித்த தீக்குப் பிறகு, மறு ஆண்டு நெப்போலியன் அமைத்தது.) எண் எதுவும் நினைவில்லை என்றால் 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அது வேலை செய்யும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு ஓட்டலுக்கே டாக்டர் வருவார். ‘எஸ்ஓஎஸ் மெத்சான்’ என்ற அந்தச் சேவையை 1966இல் தொடங்கியவர் மார்செல் லஸ்கார் என்ற மருத்துவர். ராத்திரியில் குழாய் ரிப்பேருக்கு ஆள் கிடைக்கிறான், டாக்டர் கிடைப்பதில்லையே என்ற ஆதங்கத்தில் பிறந்தது என்பார்கள். இன்னொன்று: நோத்ர் தாம் தேவாலயத்தின் முன் நின்று படம் எடுக்கிறீர்களே, அந்தச் சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுக்க நிற்கும் கட்டடம் ஓத்தெல் தியூ, பாரிஸின் மிகப் பழைய மருத்துவமனை. நம்மில் பலர் அதை ஏதோ அரண்மனை என்று நினைத்துக் கடந்துபோகிறோம்.

புறப்படும் முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. பாலிசி எண்ணையும் அதன் 24 மணி நேர உதவி எண்ணையும் கணவர், மனைவி இருவர் கைபேசியிலும் பதியுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் சிகிச்சைக்கு முன்போ உடனடியாகவோ அவர்களுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்; பின்னால் பணம் தர மறுக்க அதுவே அவர்களுக்குப் போதும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், சரக்கு அறையின் குளிரில் அது உறைந்து கெடலாம். டாக்டரிடம் மாத்திரைகளின் மூலப்பெயரை எழுதி வாங்குங்கள். டோலோ என்றால் பாரிஸ் மருந்துக் கடைக்காரருக்குப் புரியாது, பாராசிட்டமால் என்றால் உடனே எடுத்துத் தருவார்.

காரைக்குடிக்காரருக்குச் செலவுத் தொகை வந்துவிட்டதாம், சில மாதங்கள் கழித்து, பலமுறை கடிதம் எழுதிய பிறகு. வெளியூர்களில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்த வாசகர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். எந்த ஊர், எந்த எண் உதவியது, யார் துணைக்கு வந்தார்கள், காப்பீட்டுப் பணம் எவ்வளவு இழுத்தடித்து வந்தது அல்லது வராமலே போனது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்