நிழல் யாருக்கு?

ஆண்டுதோறும் மழைக்காலம் நெருங்குகையில் நம் கடற்கரை ஊர்களில் ஒரு சடங்கு நடந்தேறுகின்றது. தெருவோரம் குழி தோண்டப்படுகின்றது. பந்தலும் நாற்காலிகளும் வருகின்றன. மரக்கன்று ஒன்றை நாலைந்து பெரியோர் ஒருசேரப் பற்றிக் குழிக்குள் இறக்க, நிழற்படம் எடுக்கப்படுகின்றது. அடுத்த சித்திரையில் அவ்விடத்தில் எஞ்சி நிற்பது இரும்புக் கூண்டு மட்டுமே. மறு ஆண்டு அதே குழியில் மீண்டும் விழா! அன்பர்களே, இதனை மரம் நடுதல் என்று அழைப்பதை இனியேனும் நிறுத்துவோம். நாம் எண்ணிக்கொண்டிருப்பவை குழிகளே.

தெருவில் நிற்கும் மரம், வெயிலில் நடந்தே தீரவேண்டியவனுக்கு ஊர் செலுத்தவேண்டிய கடன். இதுவே நமது வாதம். இதற்குச் சான்றாகப் புதுச்சேரி நகரின் வரலாற்றை அழைப்போம்.

1761இல் ஆங்கிலேயப் படையினர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினர். 1765 முதல் பிரெஞ்சுக்காரர் மீண்டும் எழுப்பிய நகரம், நேர்கோட்டு வீதிகளோடும், நடுவே ஓடிய பெரிய வாய்க்காலோடும் அமைந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே கடலையொட்டி வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. கடற்கரை வீதிக்குக் ‘கூர் ஷப்ரோல்’ எனப் பெயரிட்டனர். ‘கூர்’ என்னும் பிரெஞ்சுச் சொல், மக்கள் உலாவுவதற்கென அமைந்த, பெரும்பாலும் மரங்கள் அணிவகுத்த அகன்ற வீதியைக் குறிப்பது. 1826இல் தாவரவியல் பூங்கா தோன்றியது. அயல்நாட்டுச் செடிகொடிகளை இம்மண்ணில் வளர்த்துப் பார்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அங்கு அரும்பணியாற்றிய பெரோத்தே என்னும் தாவரவியலார் 1870இல் இந்நகரிலேயே மறைந்தார். ஆட்சியாளர்க்கு மரத்தின் அருமை தெரியாமல் இல்லை. எனினும் அவர்தம் மாளிகைகளின் தோட்டங்கள் உயர்ந்த மதில்களுக்கு உள்ளே இருந்தன. நிழலின் பெரும்பகுதி உள்ளே இருப்போர்க்கே உரியதாயிற்று.

வாய்க்காலுக்கு மேற்கே கதை வேறு. தமிழர் வீடுகள் தெருவைப் பார்த்துத் திண்ணையோடு நின்றன. திண்ணைக்கும் முன்பாக, மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுச் சரிவாகத் தாழ்வாரம் தெருப்பக்கம் நீண்டது. வீடு தன் நிழலைத் தெருவுக்குத் தந்தது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் அங்கே ஒதுங்கினர். அக்காலத்துத் திண்ணைகள் எல்லாச் சாதியார்க்கும் ஒன்றுபோல் திறந்திருந்தன என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். ஆயினும், தெருவில் நடப்பவனுக்கு நிழல் தருதல் வீட்டைக் கட்டுபவனின் கடமை என்னும் எண்ணம் அக்கட்டட அமைப்பிலேயே இருந்தது.

பின்னர் கான்கிரீட் வந்தது. தாழ்வாரங்கள் இடிந்தன; திண்ணைகள் கடைகளாயின. வீடு தன் நிழலைத் திரும்ப எடுத்துக்கொண்ட அந்நாளிலேயே ஊர் அவ்விடத்தில் மரத்தை நட்டிருக்கவேண்டும். பல தெருக்களில் அது நடைபெறவில்லை. நட்ட இடங்களிலோ விரைவில் வளரும், விரைவில் பூக்கும் மரங்களையே நாடினோம். தென்னமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த தூங்குமூஞ்சி, மடகாஸ்கர் தீவின் குல்மொஹர், தென்கிழக்காசியாவின் இயல்வாகை ஆகியவை தெருக்களை நிறைத்தன. அவற்றின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் குல்மொஹரின் வேர் ஆழம் செல்லாதது. கிளை எளிதில் முறிவது. கடற்காற்று வீசும் ஊருக்கு அது ஏற்றதா என்று எவரும் வினவினாரில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து அவ்வினாவை எழுப்பியது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரையைக் கடந்தபோது, ஒரே காலைப்பொழுதில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. “புயலின் முன் எம்மரம்தான் நிற்கும்?” என்று வாதிடுவோர் உளர். உண்மை, பெருங்காற்றில் வேம்பும் விழும். ஆனால் சாக்கடைக்காக ஒருபக்க வேர் அறுபட்ட மரமும், அடிமரம்வரை சிமெண்ட் பூசப்பட்டு நீரும் காற்றும் மறுக்கப்பட்ட மரமும் புயல் வருமுன்னரே பாதி வீழ்ந்தவை அல்லவா? 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்ட்டை அகற்றுமாறு ஆணையிட்டது. நீதிமன்றம் சொல்லித்தானா மரத்துக்கு மண் வேண்டும் என்பதை நாம் அறியவேண்டும்?

நெய்தல் நிலத்துக்குரிய மரங்கள் எவை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தான் விளையாட்டாய் விதையிட்டு வளர்த்த புன்னையை உடன்பிறப்பாகவே மதித்து நாணும் பெண்ணொருத்தியை நற்றிணை காட்டுகின்றது. புன்னையும் பூவரசும் உப்புக்காற்றுக்குப் பழகியவை. ஆனால் புன்னை மெல்ல வளரும். அடுத்த விழாவுக்குள் படம் பிடிக்குமளவு உயராது. அதுவே அது செய்த குற்றம்! ஓரிரவில் தழைத்து யோனாவுக்கு நிழல் தந்த ஆமணக்கு மறு வைகறையில் பட்டுப்போனதை விவிலியத்தில் வாசிக்கும் நாமும் ஓரிரவு நிழலையே விரும்புகின்றோம்.

பிறரை மட்டும் சாடி முடிப்போமாயின் அது வெளிவேடம். கடற்கரைப் பங்கு ஒன்றில் நாம் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில், திருவிழாத் தேர் திரும்புவதற்கு இடையூறு என்று கூறி, ஆலய வாயிலின் அருகே தெருவோரம் நின்ற முதிர்ந்த பூவரசை வெட்டுவித்தோம். பங்குப் பேரவை ஒருமனதாய் ஒப்பியது. வளாகம் முழுவதும் சிமெண்ட் கல் பதித்தோம், பலரும் பாராட்டினர். மறுநாள் காலை, மீன்கூடை சுமந்து வந்த மூதாட்டி ஒருவர் வெட்டிய அடிமரத்தருகே சற்றுநேரம் நின்றார். “சாமி, தேரு வருசத்துக்கு ஒரு நாளு. நாங்க தினமும் வரோமே, கூடைய எங்க எறக்குறது?” என்றார். நாம் விடை சொல்லவில்லை. படித்த இறையியல் அத்தனையும் அன்று நமக்கு உதவவில்லை.

ஆகவே சில கோரிக்கைகள். நடும் கன்றின் எண்ணிக்கையை அறிவிக்க வேண்டா. நான்கு கோடையைக் கடந்து நிற்கும் மரத்தின் எண்ணிக்கையை அறிவியுங்கள். ஒவ்வொரு கன்றையும் எதிர்வீட்டார் ஒருவர் பொறுப்பில் ஒப்படையுங்கள்; தண்ணீர் ஊற்றும் கைக்கு நன்றி கூறுங்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணைத் திறந்து விடுங்கள். பூங்காவுக்கும் பெரிய வீதிக்கும் முன்னதாக, மீனவர் குடியிருப்புக்கும் சந்தைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுங்கள். நம் ஆலய வளாகங்களில் ஒரு மரத்தை வெட்ட எண்ணினால், அதன் நிழலில் அமர்வோரை முதலில் கேளுங்கள். பேரவையில் அவர்களுக்கு இடமில்லை என்பதை நாம் அறிவோம்.

அவ்வாயிலில் மறு ஐப்பசியிலேயே பூவரசம் போத்து ஒன்றை நட்டோம். விழா எடுக்கவில்லை. பதித்த கற்களைப் பெயர்த்தெடுக்கச் செலவான தொகை, பதித்த செலவைவிடச் சிறிதே குறைவு. நான்கு ஆண்டுகள் கழிந்து அப்பங்கைவிட்டு நாம் மாற்றலாகிப் புறப்பட்ட காலையில், அதன் நிழல் ஒரு கூடைக்குப் போதுமானதாய் இருந்தது. அங்கு வருபவை ஐந்து கூடைகள்.