ஒரு வெட்டு, மூன்று மனம்

2024 ஜூலை 1 முதல் கொலைக்கு எண் மாறிவிட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் 302 என்று இருந்தது, பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகிவிட்டது. ஏமாற்றுக்காரனுக்கு ஊரே வைத்த பட்டப்பெயரான 420, இப்போது 318-க்குள் ஓர் உட்பிரிவு. சட்டக் கல்லூரி மாணவர்கள் பழைய எண் ஒருபுறம், புதிய எண் மறுபுறம் என்று எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சைக்கு அது வேண்டியதுதான். ஆனால் எண்ணைத் தெரிந்துகொள்வது சட்டத்தைத் தெரிந்துகொள்வதாகிவிடாது. 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் முதுகெலும்பு புதிய சட்டத்திலும் அப்படியே நிற்கிறது: கை செய்ததை மட்டும் பார்க்காதே, அந்தக் கையை ஏவிய மனம் எது என்று கேள். மாணவர்கள் மென்ஸ் ரியா என்றும், தமிழில் குற்ற மனம் என்றும் சொல்வது இதைத்தான். ஓர் உயிர் போனதும் சாலையில் உட்கார்ந்து ‘கொலை வழக்குப் போடு’ என்று கேட்கும் நம் பொதுப்புத்திக்கும் இந்தப் பாடம் தேவைப்படுகிறது.

மதுரையில் இருந்துகொண்டு இதைப் பேச வேற்றூர் உதாரணம் வேண்டாம். சிலப்பதிகாரத்தில் கள்வன் என்ற பொய்ப்பழியால் பாண்டியன் ஆணைப்படி வெட்டுண்ட கோவலனின் பெயரில், பழங்காநத்தத்தில் இருக்கிறது கோவலன் பொட்டல். கோவலன் வழக்கைச் சாட்சியமும் விசாரணையும் இல்லாத தீர்ப்பு என்றே மேடைகளில் பேசிப் பழகிவிட்டோம். அது சரிதான். ஆனால் குற்றவியல் மாணவர் ஒருவர் அதை வேறு விதமாகப் படிக்கலாம். விழுந்தது ஒரே வெட்டு, போனது ஒரே உயிர். அந்த வெட்டுக்குப் பின்னால் நின்ற மனங்கள் மூன்று. பொற்கொல்லனுக்கு உண்மை முழுதும் தெரியும். அரசியின் சிலம்பைத் திருடிவிட்டு, பழியைக் கோவலன் மேல் போட்டவனே அவன். வாளை அவன் தொடவில்லை. ஆனாலும் இன்றைய சட்டத்தில் முதல் குற்றவாளி அவன்தான். தூண்டப்பட்டவனுக்குக் குற்ற எண்ணம் இல்லாவிட்டாலும் தூண்டியவன் தப்ப முடியாது. பொய் சொல்லி நிரபராதியைத் தூக்குக்கு அனுப்பியவனுக்கு மரண தண்டனைகூட விதிக்கலாம் என்கிறது பொய்ச்சாட்சி பற்றிய பிரிவு.

அரசனின் நிலை இன்னும் சிக்கலானது. அவனுக்குக் கோவலன் மேல் பகை கிடையாது. கள்வன் என்று நம்பியே ஆணையிட்டான். பொருண்மைப் பிழை என்ற விதிவிலக்கு அவனைக் காக்குமா? நேர்மையாக நம்பிச் செய்தவனை அது காக்கும். ஆனால் ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் நம் வீட்டுப் பேச்சில் உள்ள பொருள் அல்ல. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும், மனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நல்லெண்ணத்தோடு செய்ததாகாது. நீதிபதி என்ற பாதுகாப்பும் எளிதில் கிட்டாது. ஆணை பிறந்தபோது அவன் வழக்கு மன்றத்தில் இல்லை, தேவியின் ஊடலைத் தணிக்கப் போய்க்கொண்டிருந்தான். மூன்றாமவன் வெட்டியவன். உடன் வந்த காவலர்களில் சிலருக்கு இந்த ஆளைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்ற தயக்கம் இருந்தது. கள்மயக்கத்தில் இருந்ததாகக் கொள்ளப்படும் ஒருவனே வாளை வீசினான். தானே குடித்தவன், தெளிந்திருந்தால் எதை அறிந்திருப்பானோ அதை அறிந்தே செய்ததாகச் சட்டம் கருதும். விளைவை மட்டும் பார்த்தால் மூவரும் ஒன்று. மனத்தைப் பார்த்தால் மூவரும் வேறு வேறு.

காப்பியத்தை வைத்துச் சட்டம் பேசலாமா என்பவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள். 1919-இல் முழு அமர்வு முன் வந்தது பழனிக் கவுண்டன் வழக்கு. கணவன் கலப்பைக் கொழுவால் மனைவியைத் தலையில் அடித்தான். அவள் மயங்கி விழுந்தாள். செத்துவிட்டாள் என்று நினைத்து, தற்கொலை என்று காட்டுவதற்காக உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். உண்மையில் உயிர் போனது கயிற்றில். அடித்தபோது கொல்லும் எண்ணம் நிரூபணமாகவில்லை. தொங்கவிட்டபோது அவன் மனத்தில் இருந்தது பிணம். ஆகவே இது கொலையுமல்ல, அதற்கு அடுத்தபடியான மரணம் விளைவிக்கும் குற்றமும் அல்ல என்றது நீதிமன்றம். 1943-இல் தவமணி வழக்கு. அங்கும் தாக்கப்பட்ட பெண் இறந்துவிட்டதாக நினைத்துக் கிணற்றில் வீசினார்கள். ஆனால் அங்கே முதல் அடியே கொல்வதற்காக விழுந்தது. அடியையும் கிணற்றையும் ஒரே செயலின் இரு பகுதிகளாகப் பார்த்த நீதிமன்றம், கொலை என்றது. லண்டன் பிரிவி கவுன்சில், தாபோ மேலி வழக்கில் இதே தர்க்கத்தைச் சொன்னது 1954-இல்தான். கயிற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவே உள்ள தூரம் முழுக்க மனத்தில் இருக்கிறது.

மனத்துக்குள் யார் எட்டிப் பார்ப்பது, ‘கொல்ல நினைக்கவில்லை’ என்று சொல்லி எல்லாரும் தப்பிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நீதிமன்றம் குற்றவாளியின் வாக்குமூலத்தை நம்பி மனத்தை அளப்பதில்லை. ஆயுதம் எது, அடி எங்கே விழுந்தது, எவ்வளவு ஆழம், முன்பகை உண்டா என்பவையே மனத்தின் சாட்சிகள். 1958-இல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரே ஒரு ஈட்டிக் குத்துதான். வயிற்றில் அந்தக் காயத்தை ஏற்படுத்த நினைத்துக் குத்தினான் என்பது போதும். அது சாதாரணமாக உயிரைப் பறிக்கக்கூடிய காயமா என்பதை மருத்துவச் சான்று சொல்லும், கொல்ல நினைத்தானா என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்றார் நீதிபதி விவியன் போஸ். சாக்குச் சொல்பவனுக்கு இதில் பெரிய இடமில்லை. பழனிக் கவுண்டன் வழக்கிலும் கொலைதான் இல்லை என்றானதே தவிர, அடித்த அடிக்கான பொறுப்பு நீங்கவில்லை.

கனமான எதிர்வாதம் இறந்தவர் வீட்டிலிருந்து வருவது. எங்களுக்குப் போன உயிர் ஒன்றுதானே, அவன் என்ன நினைத்தான் என்பதால் எங்கள் இழப்பு குறையுமா? குறையாது. அதற்குச் சட்டம் செய்ய வேண்டியது இழப்பீட்டைத் தாமதமில்லாமல் தருவதும், அலட்சியத்துக்கு உரைக்கும்படி தண்டனை வைப்பதும். பழைய சட்டத்தில் அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் 2 ஆண்டு. இன்று 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு. வண்டியை நிறுத்தாமல் ஓடி, போலீசுக்கும் சொல்லாமல் இருப்பவருக்கு 10 ஆண்டுவரை என்ற உட்பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பின் மற்ற பிரிவுகளோடு நடைமுறைக்கு வரவில்லை. தண்டனையின் அளவைப் பற்றிச் சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் தூங்கி வழிந்து வண்டி ஓட்டியவனையும் ஆளைக் குறிவைத்து ஏற்றியவனையும் ஒரே பிரிவில் நிறுத்தச் சொல்வது வேறு. அப்படி நிறுத்தினால் 103 என்ற எண்ணுக்கு இருக்கும் எடையும் போய்விடும். நிரூபிக்க முடியாத கொலைக் குற்றச்சாட்டில் விடுதலையும் எளிதாகும்.

மனத்தைக் கேட்காத நீதி எங்கே போய் நிற்கும் என்பதும் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் இடம் அது. ஆணையிட்ட அரசன் நெடுஞ்செழியன் இறந்தபின் கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற்செழியன், கோவலனின் மனைவி கண்ணகியின் சீற்றம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான். அதன்பின் பாண்டிய நாட்டில் மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின என்கிறது காப்பியம். அந்த ஆயிரம் பேரில் அரசியின் சிலம்பைக் கண்ணால் பார்த்தவர் ஒருவராவது இருந்தாரா என்று யாரும் கேட்டதாக அதில் இல்லை.