பாலம் வண்டிக்கு, நடப்பவருக்கு எது வழி?

செவ்வாப்பேட்டை ரெயில் நிலையத்தின் பெயர், வெறும் "செவ்வாப்பேட்டை" அல்ல, "செவ்வாப்பேட்டை ரோடு". ஊர் தள்ளி இருந்தால், ஸ்டேஷன் பெயரோடு "ரோடு" என்று சேர்ப்பது ரெயில்வேயின் பழைய வழக்கம். "இங்கே இறங்கினால் ரோட்டைப் பிடித்துப் போக வேண்டும்" என்று அர்த்தம்!

அந்த ரோட்டில் போகிறவர்கள் யார்? சென்னைக்குப் போகும் குமாஸ்தா, காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகும் தொழிலாளி, கூடைக்கார அம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பலருக்குக் காலும் சைக்கிளும்தான் வாகனம்.

3 உயிர்கள்

2024 பிப்ரவரியில், பக்கத்து ஸ்டேஷனான வேப்பம்பட்டில் தண்டவாளத்தைத் தாண்டிய ஒரு தந்தையும், அவருடைய 2 மகள்களும் ரெயில் மோதி இறந்தார்கள். "மேம்பாலம் எங்கே?" என்று மக்கள் கொதித்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்.

மேம்பாலம் வந்தால் ரெயில்வே கேட்டை மூடிவிடுவார்கள். லாரியும் காரும் மேலே பறக்கும். கையில் சோற்றுப் பையோடு நடப்பவர் என்ன செய்வார்? கண்ணெதிரே தெரிகிற அடுத்த பக்கத்துக்குப் போக, பாலம் முழுவதும் ஏறி இறங்க வேண்டும். சைக்கிள்காரர் பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும்.

"சுத்திப் போனா யூனிட் போயிடும் சார். அப்புறம் கம்பெனியில அரை நாள் சம்பளம் போயிடும்!" - இதுதான் அவர்கள் கணக்கு. ஆகவே தண்டவாளத்தில் இறங்குகிறார்கள்.

அது தப்புதான். ரெயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில் அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் வழியை அடைத்துவிட்டு அபராதம் மட்டும் போட்டால், ஆபத்து போய்விடுமா?

கோர்ட்டு சொன்னது

நல்ல நடைபாதை கிடைப்பது மக்களின் அடிப்படை உரிமை என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014-ல் கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டிபஜாருக்கு அகல நடைபாதை வந்தது. கடைவீதிக்கு வந்தது ரெயிலடிக்கு வரக்கூடாதா?

பிளஸ்-1 பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கிறது. அதைப் பயமில்லாமல் ஓட்ட வழி கொடுக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது

பெரிய செலவு இல்லை. கேட்டை மூடும் இடத்திலேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒரு சுரங்கப்பாதை வேண்டும். படிக்கட்டு மட்டும் போதாது. சைக்கிள் இறங்கச் சரிவும் வேண்டும். மழைத் தண்ணீரை இறைக்க மோட்டார், பெண்கள் பயமில்லாமல் நடக்க விளக்கு, ஸ்டேஷன் ரோட்டில் 6 அடி நடைபாதை, வாசலில் சைக்கிள் நிறுத்தம் - இவ்வளவுதான்!

கடைக்காரர்களும் சரக்கை நடைபாதையில் பரப்பாமல் இருக்க வேண்டும். நடந்து வருகிறவர்தானே நின்று வாங்குகிறார்? பாலத்தில் பறக்கிற கார், பெட்டிக்கடைக்கு நிற்குமா?

மேம்பாலத்துக்கு வரைபடம் போடும்போதே, நடப்பவருக்கும் அதில் ஒரு கோடு போடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளினால், அப்புறம் பார்ப்பது பிணத்தைத்தான்!