எட்டு போட்டால் மட்டும் போதுமா?

ஓட்டுநர் உரிமத் தேர்வு என்றாலே நம் ஊரில் ‘எட்டு போடுவது’ என்று அர்த்தமாகிவிட்டது. காலைத் தரையில் ஊன்றாமல் வளைந்து திரும்பினால் போதும் என்றே பலரும் தயாராகிறார்கள். ஆனால், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைவிட அதிகம் கேட்கின்றன: கண்ணாடியைச் சரிசெய்வது, சைகை காட்டுவது, பாதுகாப்பாக முந்துவது, பின்னோக்கி எடுப்பது, அவசரத்தில் நிறுத்துவது எனப் பட்டியல் நீள்கிறது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்தச் சாலைக்குத்தான் நாம் தயாராக வேண்டும்.

“லைசென்ஸ் வாங்கிய பிறகு தானாகப் பழகிவிடும், வேலைக்குப் போகிறவருக்கு நேரம் ஏது?” என்பார்கள். பழகும்வரை செய்யும் பிழைக்கு விலை கொடுப்பவர், எதிரே நடந்து வரும் யாரோ ஒருவராக இருக்கலாம். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். தேர்வுக்கு முன் 30 நாள் காத்திருக்கச் சொல்வதே பழகத்தான். கார் கற்பவர், உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, தினமும் அரை மணி நேரம் ஒதுக்கட்டும். ஆளரவமற்ற ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் கிளட்சை மெல்ல விட்டுக் கிளப்பட்டும். இரவிலும் மழையிலும் ஓட்டிப் பார்க்கட்டும். சாலையைப் பழகியவருக்கு எட்டு எளிதாக வரும். எட்டை மட்டும் பழகியவருக்குச் சாலை வராது.