ஒழுகும் குழாயும் கிராமத்தாரின் கடமையும்

குளிர் தேசங்களில் பனிக்காலத்தில் வீட்டிற்கு வெளியேயுள்ள தண்ணீர்க் குழாய்கள் வெடித்துப்போவது சாதாரணம். ஜலம் உறையும்பொழுது அதன் பருமன் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு பெருகுவதால், உள்ளே அடைபட்ட ஜலம் உலோகத்தையும் பிளந்துவிடுகிறது. நம் நாட்டில் நீலகிரி மலைமீது மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. சேலம், நாமக்கல் சமவெளிகளில் அவ்வித பயம் சிறிதுமில்லை. அப்படியிருந்தும் நம் கிராமங்களில் ஒழுகும் குழாய்களுக்குக் குறைவில்லை. இதற்குக் காரணம் சீதோஷ்ணமன்று, நம்முடைய கவனக்குறைவே என்பது எமது அபிப்பிராயம்.

உப்பு மிகுந்த கிணற்று ஜலம் குழாயினுள் படிந்து திருகை இறுக்குகிறது. மணல் வாஷரை அறுக்கிறது. பிளாஸ்டிக் குழாய் வெயிலில் காய்ந்து நொறுங்குகிறது. தாங்கு கல்லில்லாத குழாயில் மாடு உராய்ந்தால் அடிமரை தளர்ந்துவிடுகிறது. ஒழுகுகிறதென்று பலங்கொண்ட மட்டும் திருகை முறுக்குவதால் பழுது அதிகரிக்குமேயன்றிக் குறையாது.

நஷ்டத்தின் அளவைக் குடியானவர்கள் தாமே அறிந்துகொள்ளலாம். மாட்டுத் தொட்டிக் குழாயின் கீழ் ஒரு லிட்டர் பாத்திரத்தை வையுங்கள். அது ஐந்து நிமிஷத்தில் நிறைந்தால், நாளொன்றுக்கு 288 லிட்டர் வீணாகிறது. 2019-ஆம் வருஷத்தில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்குத் தினம் 55 லிட்டர் என்று கணக்கிட்டிருக்கிறது. ஆகவே ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் பங்கு ஒரே குழாயில் போய்விடுகிறது. விவசாய மின்சாரத்திற்குக் கட்டணமில்லை யென்பதனால், பூமிக்கடியிலுள்ள ஜலத்திற்கும் விலையில்லை யென்று எண்ணலாகாது.

இன்னும் பெரிய தீங்கொன்றுண்டு. தெருக்குழாய்களில் ஜலம் சில மணி நேரமே விடப்படுகிறது. நின்றபின் குழாயினுள் அழுத்தம் குறையவே, சுற்றிலும் தேங்கிய சாக்கடை நீர் அடியிலுள்ள வெடிப்பின் வழியே உள்ளே புகக்கூடும். வயிற்றுப்போக்குப் போன்ற வியாதிகளுக்கு இது வழியாகும்.

பழுது பார்ப்பது கடினமன்று. முதலில் வால்வை மூடிக் குழாயைத் திறந்து எஞ்சிய ஜலத்தை வடிக்க வேண்டும். ஒரு ஸ்பானரால் குழாயின் உடலைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் தலைப்பகுதியைக் கழற்ற வேண்டும்; இல்லாவிடில் அடிக்குழாய் முறுகிவிடும். தேய்ந்த வாஷரை எடுத்து, அது அமரும் இடத்தைத் துடைத்து, அதே அளவுள்ள புதியதைப் பொருத்துக. தண்டின் ஓரத்தில் கசிந்தால் அங்குள்ள மரையைச் சற்று இறுக்கினால் போதும். அடிமரையில் கசிந்தால் கழற்றி, மரை செல்லும் திசையிலேயே டெஃப்லான் நாடாவைச் சுற்றிப் பூட்டுக. உடல் வெடித்திருந்தால் துணி சுற்றுவது வீண். புதுக் குழாய் வைப்பதே முறை.

"சர்க்கார் குழாயில் நாம் கை வைக்கலாமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. பிரதான குழாயிலும் வால்விலும் கண்டவர்கள் கை வைத்தால் ஊருக்கே ஜலம் நின்றுபோகும். அவை தொட்டி இயக்குபவரின் பொறுப்பு. ஆனால் குடிநீர் வழங்குதலை 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆதலால் ஊராட்சியார் இரண்டு ஸ்பானர்களும், சில வாஷர்களும், நாடாவும் அலுவலகத்தில் வைத்து, ஒவ்வொரு தெருவிலும் ஒருவரைப் பழக்கி, அவருக்கு அனுமதி அளிப்பார்களாக. சிறு பழுதுக்காக மனு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்கும் வழக்கம் ஒழியும்.

ஏரிக்கும் வாய்க்காலுக்கும் குடிமராமத்துச் செய்வது நம்மவர்க்குப் புதிதன்று. 2017-ஆம் வருஷத்தில் தமிழக அரசாங்கம் அப்பெயராலேயே அவ்வேலையைப் புதுப்பித்தது. ஏரிக்குத் தகுந்த ஏற்பாடு குழாய்க்கு ஏன் தகாது? சித்திரை வெயில் வருமுன், மிராசுதார்கள் தத்தம் தொட்டிக் குழாயையும், கிராம அதிகாரிகள் தெருக்குழாய்களையும் ஒருமுறை நேரில் பார்வையிடுவது மிகவும் நலம்.